தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமையில் கறி உண்டா, இல்லையா?

காக்ஸ்டவுன்காரன்
8 மார்ச் 2025, சனி, இரவு 9.40

நாளை காலை எட்டு மணிக்குள் எனக்குப் பதில் வேண்டும். அதற்குமேல் போனால் கறிக்கடையில் எலும்புதான் மிஞ்சும்.

நான் கத்தோலிக்கன். பூர்வீகம் திண்டுக்கல் பக்கம். தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்டோம். மனைவி நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பம். கல்யாணமாகிப் பதினான்கு ஆண்டுகளில் மாதாவைப் பற்றியோ ஞானஸ்நானத்தைப் பற்றியோ நாங்கள் ஒருநாளும் வாக்குவாதம் செய்ததில்லை. வருடம் தவறாமல் சண்டை வருவது, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தவக்காலத்தில், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக்குத்தான்.

என் அம்மா, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முதல்நாள் கறிச்சட்டியைத் தேய்த்துக் கழுவிப் பரண்மேல் கவிழ்த்துவிடுவார். ஈஸ்டர் அன்றுதான் அது கீழே இறங்கும். ஞாயிறாவது, திங்களாவது! மனைவி வீட்டிலோ, ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்று உபவாசம் இருப்பதே தப்பு என்று உபதேசியாராக இருந்த அவளுடைய தாத்தா சொல்லிவைத்திருக்கிறார். இரண்டு பக்கமும் பெரியவர்கள் வாக்கு. நடுவில் நான்.

இந்த ஆண்டு பதினொரு வயது மகளும் சேர்ந்துகொண்டாள். காலண்டரை எடுத்து மார்ச் 5 முதல் ஏப்ரல் 19 வரை விரல்விட்டு எண்ணிவிட்டு, “அப்பா, நாற்பது நாள் என்கிறீர்கள், நாற்பத்தாறு வருகிறது. மிச்ச ஆறு நாள் யாருடையது?” என்று கேட்கிறாள். பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனங்கிழங்கு
8 மார்ச், இரவு 10.05

அந்த ஆறு நாளும் ஆறு ஞாயிறு. உங்கள் மனைவி சொல்வதுதான் சரி, தம்பி. நானும் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் சொல்லவில்லை. ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது வரும்; வேறு எப்படிக் கூட்டினாலும் வராது. எங்கள் ஊரில் ‘லெந்து நாட்கள்’ என்போம். லெந்து ஞாயிறுக்கு ஆராதனையில் ஆடம்பரம் இருக்காது, கல்யாணம் இருக்காது. மதியம் வீட்டில் குழம்பு இருக்கும்.

கறி வாங்குங்கள்.

பழைய_கண்டோன்மென்ட்
8 மார்ச், இரவு 11.20

தூக்கம் வரவில்லை. அதனால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மணி சொன்ன கணக்கு சரிதான். ஆனால் அது ஒன்றே கணக்கு அல்ல. இன்றைய கத்தோலிக்க வழிபாட்டு ஆண்டின்படி தவக்காலம் சாம்பல் புதனில் தொடங்கி, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் மாலையில், ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலிக்கு முன்பு முடிந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தால் ஞாயிறுகளையும் சேர்த்து 44 நாள். சாம்பல் புதனை விட்டுவிட்டு முதல் ஞாயிற்றிலிருந்து பெரிய வியாழன்வரை எண்ணிப் பாருங்கள், அச்சாக நாற்பது! உரோமையின் பழைய கணக்கு அதுதான். ஞாயிறன்று நோன்பு கிடையாது என்பதால் நோன்பு நாள் மட்டும் நாற்பது நிறையவேண்டும் என்று பிற்காலத்தில் முன்னால் நான்கு நாட்களை ஒட்டினார்கள். அந்த ஒட்டுக்குப் பிறந்ததுதான் சாம்பல் புதன். மிலான் நகரத்தின் அம்புரோசியார் வழிபாட்டு முறையில் இன்றும் தவக்காலம் ஞாயிற்றில்தான் தொடங்குகிறது.

கிழக்கத்தியக் கணக்கு வேறு. கிரேக்க மரபினர் திங்களன்று தொடங்கி, ஞாயிறுகளையும் சேர்த்தே எண்ணி, குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளியோடு நாற்பதை முடித்துவிடுவார்கள். பாடுகளின் வாரம் அவர்களுக்குத் தனிக் கணக்கு.

ஆக, தம்பி, உங்கள் வீட்டுச் சண்டை புதியது அல்ல. இரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் லியோன் நகர ஆயர் இரேனியு, உரோமை ஆயர் விக்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். சிலர் ஒரு நாள் நோன்பு இருக்கிறார்கள், சிலர் இரண்டு நாள், சிலர் இன்னும் அதிகம், சிலர் இரவும் பகலுமாக நாற்பது மணி நேரம் என்று அதில் இருக்கிறது. நாள் அல்ல, மணி! நாற்பது நாள் என்ற பேச்சு ஒரு பொதுச்சங்கத்தின் ஏட்டில் வருவது கி.பி. 325இல், நீசேயா சங்கத்தின் ஐந்தாவது விதியில். இந்த ஆண்டோடு 1,700 ஆண்டு ஆகிறது. அங்கும் நோன்புக்குச் சட்டம் போடவில்லை. ஆயர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை கூடவேண்டும், முதல் கூட்டம் ‘நாற்பதுக்கு’ முன்பு நடக்கவேண்டும் என்று போகிறபோக்கில் சொல்கிறது. எல்லோருக்கும் தெரிந்த வழக்கமாக இருந்தால்தானே அப்படிப் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகமுடியும்?

இன்னொன்று. கறி விஷயத்தில் சட்டத்தைக் கேட்டால் உங்கள் மூவருக்குமே வேலை இல்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி இறைச்சி விலக்க வேண்டியது வெள்ளிக்கிழமைகளிலும் சாம்பல் புதனிலும். அதுவும் 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் வயிறார உண்பது, சாம்பல் புதன், பெரிய வெள்ளி என்று இரண்டே நாள். 18 வயது முதல் 59 வயது நிறையும்வரை. மகளுக்குச் சட்டம் இல்லை. உங்களுக்கு ஞாயிறு மட்டுமல்ல, திங்கள், செவ்வாய்க்கும் சட்டம் இல்லை. எனக்கு வயதாகிவிட்டது, எனக்கு ஒருசந்திச் சட்டமே இல்லை.

பரண்மேல் சட்டியைக் கவிழ்த்தது சட்டம் அல்ல. அது உங்கள் அம்மா.

காக்ஸ்டவுன்காரன்
9 மார்ச், ஞாயிறு, காலை 7.10

ஐயா, நன்றி. கடைசி வரியைப் படித்துவிட்டுக் கறிக்கடைக்குப் போக மனம் வரவில்லை. முட்டை வாங்கி வந்திருக்கிறேன். இதில் இரண்டு தரப்புக்கும் திருப்தி இல்லை.

பனங்கிழங்கு
9 மார்ச், காலை 7.32

முட்டையா! பழைய காலத்தில் முட்டை, பால், நெய் எல்லாமே விலக்கு, தம்பி. நாற்பது நாளும் கோழி இட்டுக்கொண்டே இருக்கும், யாரும் தின்னமாட்டார்கள். அதனால்தான் ஈஸ்டருக்கு அத்தனை முட்டை சேர்ந்தது.

ஓரமாய்_நிற்பவன்
9 மார்ச், காலை 11.15

நான் ஜெயநகர், கிறிஸ்தவன் இல்லை. தலைப்பில் ‘கறி’ என்று இருந்ததால் உள்ளே வந்தேன். புதன்கிழமை அலுவலகத்தில் இருவர் நெற்றியில் கறுப்புச் சிலுவைக் குறியோடு வந்தார்கள். லிஃப்டில் ஒரு பெண்மணி, “முகத்தில் அழுக்கு” என்று கைக்குட்டையை நீட்டிவிட்டார். அவருக்குத் தெரியாது, பாவம். எனக்கும் பாதிதான் தெரியும். அது எந்தச் சாம்பல்? நாங்கள் சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் இருப்பது போன்றதா இது?

பழைய_கண்டோன்மென்ட்
9 மார்ச், பகல் 2.50

வாருங்கள், ஓரமாய் நிற்கவேண்டாம்.

போன ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் சிலுவைக்குப் பின்னால் செருகிவைத்த ஓலை, அதற்குள் காய்ந்து சருகாகியிருக்கும். சாம்பல் புதனுக்கு முன்பு அதைக் கோயிலில் திரும்பக் கொடுப்போம். அதை எரித்த சாம்பல்தான் அது. பூசும்போது குரு, ‘மனிதனே, நீ மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்’ என்பார். அல்லது, ‘மனம்மாறி நற்செய்தியை நம்பு’ என்பார். முதல் வாக்கியம் தொடக்கநூலில் ஆதாமுக்குச் சொன்னது. எனக்கு அதுதான் பிடிக்கும். இரண்டாவது நல்ல அறிவுரைதான், ஆனால் முதுகுத்தண்டில் ஏறுவதில்லை.

ஆதியில் இந்தச் சாம்பல் எல்லோருக்கும் கிடையாது. ஊரறியப் பெரும்பாவம் செய்து, ஊரறியத் தவம் ஏற்றவர்களுக்கு மட்டும்தான். அவர்கள் தவக்காலம் முழுக்கத் தள்ளி நின்று, பெரிய வியாழன் அன்று மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள். 1091இல் பெனவெந்தோவில் கூடிய சங்கம் அதை எல்லோருக்கும் ஆக்கியது. இத்தாலியில் நெற்றியில் பூசுவதில்லை, உச்சந்தலையில் தூவுவார்கள். லிஃப்டில் யாரும் கைக்குட்டை நீட்டமாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அன்று வாசிக்கும் நற்செய்தியே, நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவு, தலைக்கு எண்ணெய் பூசு, பிறருக்குக் காட்டிக்கொள்ளாதே என்கிற மத்தேயு ஆறாம் அதிகாரம். அதைக் கேட்டுவிட்டு அடுத்த பத்தாவது நிமிடம் நெற்றியில் பூசிக்கொண்டு பஸ் ஏறுகிறோம். அறுபது ஆண்டுகளாக இதை யோசிக்கிறேன், இன்னும் தீரவில்லை.

என் சின்ன வயதில் சிவாஜிநகரில் ‘விபூதிப் புதன்’ என்றுதான் சொல்வார்கள். பிறகு ‘சாம்பல் புதன்’ ஆனது. இப்போது அறிவிப்புப் பலகையில் ‘திருநீற்றுப் புதன்’ என்று எழுதுகிறார்கள். மூன்றும் ஒரே சாம்பல்தான்.

மாலை போடுவதோடு ஒப்பிட்டது பொருத்தமா என்றால், பாதி பொருத்தம். உணவு அடக்கம், செருப்பில்லாத நடை, பேச்சில் கட்டுப்பாடு எல்லாம் நம் ஊர் மண்ணின் பழக்கம். எந்தச் சாமிக்கு என்றாலும் நம் ஆட்கள் அப்படித்தான் நோற்பார்கள். எங்கள் சொல்லைப் பாருங்களேன். பழைய ஞானோபதேசத்தில் ‘ஒருசந்தி’ என்றும் ‘சுத்தபோசனம்’ என்றும் இருக்கும். ஒருசந்தி என்றால் ஒருவேளை மட்டும் வயிறார உண்பது. சுத்தபோசனம் என்றால் இறைச்சி இல்லாத சாப்பாடு. ஒருசந்தி எங்கள் சொந்தச் சரக்கு அல்ல, உங்கள் பாட்டியும் அமாவாசைக்கு அதைத்தான் சொல்லியிருப்பார். பனங்கிழங்கு அம்மணி வீட்டில் உபவாசம், பாய் வீட்டில் நோன்பு, உங்கள் வீட்டில் விரதம். வயிற்றுக்குத் தெரிவது என்னவோ ஒன்றுதான்.

ஆனால் மாலை போடுபவர் ஒரு மலையை நோக்கி நடக்கிறார். இங்கே நடப்பது ஈஸ்டருக்கு முந்தைய பாஸ்கா இரவை நோக்கி. முற்காலத்தில் அந்த இரவில்தான் புதியவர்களுக்கு ஞானஸ்நானம். அவர்களைத் தயார் செய்த வாரங்களே தவக்காலமாக வளர்ந்தன. ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவர்களுக்குத் துணையாக நோன்பிருந்தார்கள். ஞானஸ்நான நினைவு, மனவருத்தம் என்ற இந்த இரண்டையும் மறுபடி முன்னால் கொண்டுவரவேண்டும் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டு ஏட்டில் எழுதிவைத்தது. நாம் ஆட்டுக்கறியை முன்னால் கொண்டுவந்துவிட்டோம்.

வேதம்_மட்டும்
10 மார்ச், காலை 6.05

சகோதரர்களே, வருத்தத்தோடு எழுதுகிறேன். வேதத்தில் லெந்து எங்கே இருக்கிறது? அப்போஸ்தலர் யாராவது சாம்பல் பூசினார்களா? ‘போஜனத்தையும் பானத்தையும் குறித்தாவது, பண்டிகைநாளையும் மாதப்பிறப்பையும் ஓய்வுநாட்களையும் குறித்தாவது, ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக’ என்று கொலோசெயர் 2:16 சொல்கிறது. மனுஷர் கட்டளைகளை விட்டு வெளியே வாருங்கள்.

பனங்கிழங்கு
10 மார்ச், காலை 8.40

சகோதரரே, ஒரே ஒரு கேள்வி. ஜனவரியில் உங்கள் சபையில் இருபத்தோரு நாள் உபவாச ஜெபம் உண்டா, இல்லையா?

வேதம்_மட்டும்
10 மார்ச், காலை 9.02

உண்டு. அது தானியேல் பத்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. மூன்று வாரம்.

பனங்கிழங்கு
10 மார்ச், காலை 9.10

நாற்பது நாள் மத்தேயு நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. நம் எல்லோருக்கும் எண்கள் வேதத்திலிருந்துதான் வருகின்றன, காலண்டர்தான் வேறு.

ஆனாலும் உங்கள் வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. சீர்திருத்தக்காரர்களின் பழைய வாதம் அது. 1522ஆம் ஆண்டு லெந்து நாளில் சூரிச் நகரில் ஓர் அச்சகக்காரர் வீட்டில் சில பேர் கூடிப் தொத்திறைச்சியை (சாசேஜ்) அறுத்துப் பங்குபோட்டுத் தின்றார்கள். ஊர் இரண்டுபட்டது. அந்த அறையில் இருந்த ஸ்விங்கிலி என்ற போதகர் தான் தின்னவில்லை. ஆனால் தின்றவர்களுக்காகப் பிரசங்கம் செய்தார். உபவாசம் இருக்கவேண்டுமா, இரு, வேண்டாமா, விடு, அதைச் சட்டமாக்கி அடுத்தவன் தலையில் கட்டாதே என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தமே அந்தத் துண்டுக் கறியில்தான் தொடங்கியது என்பார்கள்.

அவர் சொன்னதில் எனக்குச் சம்மதமே. சட்டம் இல்லாமலே நான் இருக்கிறேன். எங்கள் சபையில் பெரிய வெள்ளி பன்னிரண்டிலிருந்து மூன்றுமணிவரை மும்மணி ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு செய்தி. ஏழு பேர் பேசுவார்கள். நான்காவது ஆள் எப்போதும் அதிக நேரம் எடுத்துக்கொள்வார். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்கப் பதினொன்றரைக்கே போய்விடவேண்டும். முடிந்ததும் மண்டபத்தில் கஞ்சியும் துவையலும். அந்தக் கஞ்சியின் ருசி வேறு எந்த நாளிலும் வருவதில்லை. வீட்டில் செய்துபார்த்துத் தோற்றிருக்கிறேன்.

கம்மனஹள்ளி_மருமகள்
11 மார்ச், இரவு 10.30

நான் தமிழ்ப் பெண், திருச்சூர்ப் பக்கத்து சீரோ மலபார் என்ற கேரளக் கத்தோலிக்க மரபுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டில் உங்களுக்கெல்லாம் இரண்டு நாள் முன்பே, மார்ச் 3, திங்களன்றே தொடங்கியாகிவிட்டது. அங்கே சாம்பல் பூசுவது திங்கள்கிழமைதான். விபூதித் திங்கள் என்பார்கள். முந்தைய ஞாயிறு ‘பேதுர்த்தா’. அன்று இரவுக்குள் வீட்டில் இருக்கும் மீன், கறி, முட்டை எல்லாம் தீர்ந்தாகவேண்டும். திருமணமான முதல் ஆண்டு, விருந்தாக்கும் என்று நினைத்து மறுநாளுக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டேன். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர்களுக்கு நாற்பது இல்லை, ‘அம்பது நோம்பு’. மீனும் கிடையாது, ஞாயிறன்றும் கிடையாது. காக்ஸ்டவுன் அண்ணனின் அம்மாவை எங்கள் மாமியாருக்கு ரொம்பப் பிடிக்கும்.

குருத்தோலைக்கு முந்தைய சனிக்கிழமை கொழுக்கட்டை. பெரிய வியாழன் இரவு புளிக்காத பெசகா அப்பம், தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த பெசகா பால். மாமனார் அப்பத்தைப் பிட்டு, மூத்தவரிலிருந்து வரிசையாகக் கொடுப்பார். குருத்தோலையில் செய்த சின்னச் சிலுவை அப்பத்தின் மேல் இருக்கும். அந்த ஆண்டு சாவு விழுந்த வீட்டில் அப்பம் சுடமாட்டார்கள், பக்கத்து வீட்டார் கொண்டுவந்து கொடுப்பார்கள். கோயிலில் நடக்கிற எதையும்விட எனக்கு அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

ரசல்சந்தை_மீன்
12 மார்ச், அதிகாலை 3.50

ரமலான் நோன்பின் விடியற்கால உணவான சஹருக்கு எழுந்தவன் இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ரசல் சந்தையில் மீன்கடை. மார்ச் 2ஆம் தேதி எங்களுக்கு நோன்பு தொடங்கியது. மலையாளிகளுக்கு மூன்று, உங்களுக்கு ஐந்து. இந்த ஆண்டு சிவாஜிநகரில் பகலில் சாப்பிடுகிறவனைத் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது.

ஒன்று சொன்னால் கோபப்படாதீர்கள். உங்கள் தவக்காலம் எங்கள் கடைக்குத் திருவிழா. சாம்பல் புதனிலிருந்து வஞ்சிரம் கேட்டு வருகிறவர்கள் கூட்டம் பெருகிவிடும். வெள்ளிக்கிழமை மாதா கோயிலில் மாலை வழிபாடு முடிந்ததும் நேராக இங்கே வருகிறார்கள். ஒரு பெரியவர் ஆண்டுதோறும் ஆட்டுக்கறியை விட்டுவிட்டு அதைவிட விலை அதிகமான இறாலை வாங்கிப்போகிறார். “ஐயா, இது என்ன நோன்பு?” என்று ஒருநாள் கேட்டேன். “சட்டம் கறிக்குத்தான்” என்றார். வியாபாரி நான், சும்மா இருந்துவிட்டேன்.

பழைய_கண்டோன்மென்ட்
12 மார்ச், காலை 10.00

அந்தப் பெரியவர் நான் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வாங்குவது மத்தி.

பாய் சொன்னது உண்மை. சட்டத்தில் இருக்கும் சொல் ‘கார்னிஸ்’. நிலத்தில் வாழும் வெதுவெதுப்பான இரத்தமுள்ள பிராணிகளின் இறைச்சி என்று பொருள் கொண்டார்கள், மீன் தப்பித்தது. அதன் பிறகு மனிதமூளை சும்மா இருக்குமா? வெனிசுவேலாவில் ஆற்றோரம் வாழும் கேப்பிபாரா என்ற பெரிய எலிவகைப் பிராணியை, தண்ணீரில் நீந்துகிறது என்ற காரணத்தால் தவக்காலத்தில் இன்றும் உண்கிறார்கள். பிரான்சில் ரூவான் பேராலயத்தில் ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்று ஒன்று நிற்கிறது. தவக்காலத்தில் வெண்ணெய் தின்ன அனுமதி வாங்கியவர்கள் கொடுத்த காணிக்கையும் சேர்ந்து எழுந்த கோபுரம். அடங்காத நாக்கு கல்லாகச் சமைந்து நிற்கிறது.

இறாலில் நாம் கோட்டைவிட்ட இடம் எதுவென்று சொல்கிறேன். நோன்பு, செபம், தர்மம் மூன்றையும் ஒரே அதிகாரத்தில்தான் இயேசு சொன்னார். ஐந்தாம் நூற்றாண்டுப் பாப்பரசர் பெரிய லியோ தவக்காலப் பிரசங்கங்களில் திரும்பத்திரும்பப் பேசுவது, நாம் உண்ணாமல் மிச்சம்பிடித்தது ஏழையின் வயிற்றுக்குப் போகவேண்டும் என்பதைத்தான். கறியை விட்டு இறாலுக்குப் போனால் மிச்சம் ஏது? போவது கைக்காசு.

காக்ஸ்டவுன்காரன்
12 மார்ச், இரவு 9.15

ஐயா எழுதியதை வீட்டில் சத்தமாக வாசித்தேன். அம்மா ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கிறார். கேட்டுவிட்டு, “இதற்கு எதற்கு உரோமாபுரிவரை போகிறார்? பிடியரிசி மறந்துபோனதா?” என்றார்.

மறந்தேதான் போயிருந்தது. சின்ன வயதில் அடுப்படியில் ஒரு சின்னப் பானை இருக்கும். தவக்காலத்தில் உலை வைக்கும்போதெல்லாம், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போடுவார். பானையில் போடுவதற்காகத் தனியாக அள்ளக்கூடாது. வீட்டுக்கு அளந்ததிலிருந்து எடுக்கவேண்டும், அன்று அந்த அளவு குறைவாகவே பொங்கவேண்டும். அதுதான் விதி. பெரிய வாரத்தில் அதைக் கோயிலில் கொட்டிவிட்டு வருவார்.

மனைவி, “எங்கள் வீட்டிலும் உண்டு, ஆனால் ஆண்டு முழுக்க” என்றாள். பெருமையைப் பாருங்கள்!

மகள் ஒரு காலி பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். தவக்காலம் தொடங்கி ஒரு வாரம் போய்விட்டதே என்றேன். முதல் நாளே எட்டுப் பிடி போட்டுக் கணக்கை நேர் செய்துவிட்டாள். அன்று இரவு எங்களுக்குச் சோறு போதவில்லை.

ஓரமாய்_நிற்பவன்
30 மார்ச், ஞாயிறு, மாலை 5.45

யுகாதி வாழ்த்துகள். அலுவலகத்தில் சாம்பலோடு வந்தாரே, அந்த நண்பர் வீட்டுக்கு ஒப்பட்டு கொண்டுபோனேன். நோன்பு நாளில் இனிப்பு கொடுக்கலாமா என்று தயங்கினேன். இன்று ஞாயிறு, கவலை வேண்டாம் என்று நான்கை ஒரேமூச்சில் முடித்துவிட்டார். இந்த இழையைப் படித்திருந்ததால் எனக்குக் காரணம் விளங்கியது. ஆனால் கோயிலில் குருவானவர் ரோஜா நிற உடை போட்டிருந்தார் என்றார். தவக்காலத்து உடை ஊதா என்றல்லவா கேள்விப்பட்டிருந்தேன்?

பழைய_கண்டோன்மென்ட்
30 மார்ச், இரவு 8.20

தவக்காலத்து நான்காம் ஞாயிறு மட்டும் அப்படி. ‘மகிழ்ச்சி ஞாயிறு’. பாதி தூரம் கடந்தாயிற்று, சற்று மூச்சு விட்டுக்கொள் என்று பொருள். அன்று பீடத்தில் பூவும் வைக்கலாம், இசைக்கருவியும் தனியாக வாசிக்கலாம். மற்ற நாட்களில் பீடம் மொட்டையாக இருக்கும், ‘அல்லேலூயா’ வாயில் வராது, ‘உன்னதங்களிலே’ கீதம் இல்லை. அடுத்த வாரம் முதல் சில கோயில்களில் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். சிறுவனாக இருந்தபோது அந்த மூடிய உருவங்களுக்கு நடுவே இருட்டில் நடக்க எனக்கு நடுக்கம்.

ஊதா என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த ஊரில் ஜகரண்டா பூப்பது சரியாக இந்த நாட்களில்தான். தெருவுக்கே திருவுடை மாட்டிவிட்டது மாதிரி இருக்கும். எந்தக் குருவானவரும் திட்டமிட்டதில்லை.

காக்ஸ்டவுன்காரன்
19 ஏப்ரல், சனி, மாலை 4.30

முடிக்கும் நேரம் வந்துவிட்டது. இன்று காலை டப்பாக்களை (மூன்றாகிவிட்டன) ஒரு முதியோர் இல்லத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். கொடுக்கும் முன்பு தராசில் வைத்தோம். ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

ஞாயிறு விவகாரம் இப்படி முடிந்தது. ஞாயிறுதோறும் அம்மா மரக்கறி, மனைவியும் மகளும் கோழி, நான் முட்டை. ஆனால் மகள் ஞாயிறன்று மட்டும் இரண்டு பிடி போட்டிருக்கிறாள். அம்மா இன்றுதான் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, “அந்த ஆறு நாள் யாருடையது என்று யாருமே சொல்லவில்லையே” என்றாள்.

பெரிய வெள்ளி சிலுவைப்பாதைக்கு அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். பதினான்கு நிலைக்கும் முழங்காலிட்டு எழுந்தார், என்னால் ஒன்பதுக்குமேல் முடியவில்லை. மணி அடிக்காததால் நேரமே தெரியவில்லை. ஒரு பையன் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு முன்னால் போனான். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இரவு பதினொரு மணிக்குப் பாஸ்கா திருவிழிப்பு. அதற்குள் பரணிலிருந்து சட்டியை இறக்கவேண்டும். வீட்டில் ஏணி இல்லை.

பழைய_கண்டோன்மென்ட்
19 ஏப்ரல், மாலை 5.05

நாற்காலிமேல் ஸ்டூல் போட்டு ஏறிவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

ரசல்சந்தை_மீன்
19 ஏப்ரல், இரவு 7.40

அண்ணன், பாப்பாவுக்கு என் சலாம் சொல்லுங்கள். நாளை நீங்கள் எல்லோரும் ஆட்டுக்கறிக்குப் போய்விடுவீர்கள், எங்கள் பக்கம் ஈ ஓட்டவேண்டியதுதான். செவ்வாய்க்கிழமை வாருங்கள். நெத்திலி மலிவாக இருக்கும், எடுத்துவைக்கிறேன்.